மணி ஏன் அடிக்கவில்லை? – இணையவழிப் பேச்சில் உள்வரும் அழைப்புக் கோளாறும் அதைக் கண்டுபிடிக்கும் முறையும்

மூன்றாம் ஆண்டு, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்



நெரவியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவர் மகன் பிரான்சில். காரைக்காலில் இது அதிசயமில்லை. பாரீஸ், துபாய், சிங்கப்பூர் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் நம்ம ஊரில் நிறைய. அந்த அண்ணன் வேலை முடிந்து அறைக்கு வந்து மாலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் அம்மாவைக் கூப்பிடுவார். அங்கே ஏழு என்றால் இங்கே கோடையில் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. பெரியம்மா தூங்காமல் காத்திருப்பார்.

திடீரென்று இரண்டு மாதமாக அந்த அழைப்பு நின்றுபோனது. "கல்யாணம் ஆனதும் மாறிட்டான் தம்பி. கூப்பிடறதே இல்லை" என்று பெரியம்மா அழ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பக்கம் அண்ணனோ சொந்தக்காரர்களிடம், "அம்மாவுக்கு என் மேல கோபம், போனை எடுக்கவே மாட்டேங்கறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சொன்னது உண்மை! அவர் கூப்பிட்டார். இவருக்கு மணி அடிக்கவில்லை. காலையில் போனைத் திறந்தால் தவறிய அழைப்பு என்று வந்து நிற்கும். பெரியம்மாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பேரப்பிள்ளை விளையாட்டு ஆடுகிற அவசரத்தில் தள்ளிவிட்டுவிடுவான்.

"நீ எலெக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே, இதைப் பாரு" என்று போனை என் கையில் கொடுத்தார். சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர் வீட்டிலேயே உட்கார்ந்து என் போனிலிருந்து கூப்பிட்டேன். அடித்தது. "ஒண்ணும் கோளாறு இல்லை பெரியம்மா" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று இரவும் அடிக்கவில்லை. மறுநாள் போனேன், அடித்தது. இரவு அடிக்கவில்லை. டாக்டர் வந்ததும் பல்வலி நின்ற கதைதான். மூன்று நாள் இப்படிப் போயிற்று. அதன் பிறகுதான் புத்தகத்தை எடுத்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பாதி நமக்குப் பாடத்திலேயே இருக்கிறது, ஆனால் வைவாவுக்கு மட்டும் படித்துவிட்டு மறந்துபோகிறோம்.

எக்ஸ்சேஞ்ச் மணியும் இன்டர்நெட் மணியும்

பழைய தரைவழி டெலிபோனை நினைத்துப் பாருங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து உங்கள் வீட்டுக்கு இரண்டு செப்புக் கம்பி. அதில் எந்நேரமும் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம். யாராவது கூப்பிட்டால் எக்ஸ்சேஞ்சே அந்தக் கம்பியில் 75 வோல்ட் அளவில் மாறுமின்னழுத்தம் அனுப்பி மணியை அடிக்கும். வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் அடிக்கும். ஏனென்றால் மணி அடிக்கிற சக்தியே எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறது. போன் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் தேட வேண்டியதில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு போனால் வீடு வந்துவிடும். நம்முடைய 04368 எண்கள் எல்லாம் அப்படி வேலை செய்தவைதான்.

இன்டர்நெட்டில் அப்படிக் கம்பி கிடையாது. இருப்பது ஐ.பி. முகவரி மட்டும். அந்த முகவரியும் நம்முடையதாக இருப்பதில்லை. இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

நான்காம் பதிப்பு ஐ.பி.யில் மொத்தம் இருப்பது 32 பிட். அதாவது 429 கோடிச் சொச்சம் முகவரிகள். உலகத்துக்கே அவ்வளவுதான். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்துபோனது. ஆனால் அதற்கு வெகுமுன்பே, 1994-லேயே, ஒரு மாற்று வழியை எழுதி வைத்துவிட்டார்கள். அதுதான் நேட் எனப்படும் முகவரி மாற்றம். வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் தனி முகவரிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். வெளியே போகும்போது ரூட்டர் அவை எல்லாவற்றையும் ஒரே பொது முகவரியாக மாற்றி அனுப்பும். எந்தக் கணிப்பொறி எந்த போர்ட் வழியாக எங்கே போயிற்று என்று ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வந்தால் அட்டவணையைப் பார்த்து உரியவருக்குக் கொடுக்கும்.

சரி, பதில் அல்லாமல் புதிதாக ஒன்று வெளியிலிருந்து வந்தால்? அட்டவணையில் அதற்கு வரி இல்லை. ரூட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிடும். உள்ளே இருப்பவருக்கு ஒன்று வந்ததே தெரியாது. நாம் கூப்பிட்டால் போகிறது, நம்மைக் கூப்பிட்டால் வருவதில்லை என்று உலகம் முழுக்க ஜனங்கள் புலம்புவதற்கு மூல காரணம் இந்த ஒரு வரி இல்லாததுதான்.

நெட்மீட்டிங் காலத்துப் பாடம்

இந்தப் புலம்பல் நேற்று வந்ததல்ல. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 1996-இல் நெட்மீட்டிங் என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. குரல், படம், எழுத்துப் பலகை, கோப்பு அனுப்புதல் எல்லாம் ஒரே ஜன்னலில். நம்ம நாட்டில் அதற்கு ஒரு வருடம் முன்னால், 1995 ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டிருந்தது. மோடம் கிறீச்சிட்டு டயல் செய்து உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு முறை டயல் செய்யும்போதும் புது முகவரி கிடைக்கும். அப்படியானால் உங்களைக் கூப்பிட நினைப்பவருக்கு இன்றைய முகவரி எப்படித் தெரியும்? அதற்காக டைரக்டரி சர்வர் என்று ஒன்று வைத்திருந்தார்கள். நெட்மீட்டிங்கைத் திறந்ததும் அது 389-ஆம் போர்ட் வழியாக அந்த சர்வரில் போய், "நான் இன்று இந்த முகவரியில் இருக்கிறேன்" என்று பதிவு செய்யும்.

அழைப்பு வருவது 1720-ஆம் டி.சி.பி. போர்ட்டில். எழுத்துப் பலகைக்கும் கோப்புக்கும் 1503. குரலுக்கும் படத்துக்கும் அந்த நேரத்தில் பேசி முடிவு செய்துகொள்ளும் ஏதோ சில யு.டி.பி. போர்ட்கள். இந்த முறைக்கு எச்.323 என்று பெயர். தனி மோடம் வைத்திருந்தவர்களுக்கு இது ஓரளவு நன்றாகவே வேலை செய்தது. ஒரே இணைப்பைப் பத்துக் கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்த பிரவுசிங் சென்டர்களில்தான் கதை கந்தலானது. வெளியிலிருந்து 1720-க்கு அழைப்பு வந்தால் அது பகிர்கிற கணிப்பொறிக்குத்தான் வரும். பத்தில் எந்தக் கேபினுக்கு என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொரு விஷமம் உண்டு. எச்.323 தன் ஐ.பி. முகவரியைச் செய்திக்கு உள்ளேயும் எழுதி அனுப்புகிறது. நேட் மாற்றுவது உறையின் மேல் இருக்கும் முகவரியை மட்டும்தான், கடிதத்துக்குள் இருப்பதை அல்ல. ஆகவே எதிர்ப்பக்கம் கடிதத்தைப் பிரித்து, "குரலை 192.168.0.5-க்கு அனுப்பு" என்று படித்து, அப்படி ஒன்று தன் ஊரிலேயே இருப்பதாக நினைத்துக் காற்றில் அனுப்பும். நீங்கள் பேசுவது அவருக்குக் கேட்கும். அவர் பேசுவது உங்களுக்குக் கேட்காது. ஒரு பக்கக் குரல் என்று சொல்கிறோமே, அதன் பூர்வீகம் இதுதான். இன்றைய எஸ்.ஐ.பி. முறையிலும் இதே நோய் அப்படியே தொடர்கிறது.

சட்டமும் அன்று நம் பக்கம் இல்லை. இணையத் தொலைபேசி நம் நாட்டில் 2002 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் அனுமதிக்கப்பட்டது. அதிலும் ஒரு வேடிக்கை பாருங்கள். கணிப்பொறியிலிருந்து கணிப்பொறிக்குப் பேசலாம். இங்கிருக்கும் கணிப்பொறியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசிக்குப் பேசலாம். வெளிநாட்டிலிருந்து இன்டர்நெட் வழியாக நம் வீட்டுச் சாதாரணத் தொலைபேசிக்கு அழைப்பு வரக் கூடாது! வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது. ரூட்டர் செய்வதையே சட்டமும் செய்தது.

நெட்மீட்டிங் 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ஊரையே ஆண்ட ஸ்கைப்பும் 2025 மே மாதம் மூடப்பட்டது. சாஃப்ட்வேர் வரும், போகும். அட்டவணையில் வரி இல்லாத பிரச்சினை மட்டும் அப்படியே இருக்கிறது.

பி.பி. நம்பர்

அப்படியானால் இன்று வாட்ஸ்அப்பும் மற்றவையும் எப்படி மணி அடிக்கின்றன? இதற்கு நம் அப்பா அம்மா காலத்து உதாரணமே போதும். வீட்டில் போன் இல்லாதவர்கள் அப்போது பி.பி. நம்பர் என்று ஒன்று கொடுப்பார்கள். பக்கத்து மளிகைக்கடை நம்பர். கூப்பிடுபவர் கடைக்குக் கூப்பிடுவார். கடைப்பையன் ஓடிவந்து, "அக்கா, போன்!" என்று சத்தம் போடுவான். நீங்கள் கடைக்குப் போய்ப் பேச வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது: நீங்கள்தான் முன்கூட்டியே கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். சொல்லி வைக்காவிட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று வைத்துவிடுவார்.

இன்றைய எல்லா இணைய அழைப்பும் பி.பி. நம்பர்தான். உங்கள் போன் நெட்டில் நுழைந்ததும் தானாகவே வெளியே போய் ஒரு சர்வரோடு இணைந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டு போன் கூகுளின் செய்தி சர்வரோடு 5228-ஆம் போர்ட் வழியாகவும், ஐபோன் ஆப்பிளின் சர்வரோடு 5223-ஆம் போர்ட் வழியாகவும் ஒரு டி.சி.பி. இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து வெளியே போன இணைப்பு ஆகையால் ரூட்டர் அட்டவணையில் அதற்கு வரி உண்டு. யாராவது உங்களைக் கூப்பிட்டால், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறு செய்தி உள்ளே வரும். அதைப் பார்த்து மணியை அடிப்பது உங்கள் போனே. ஆகவே உள்வரும் அழைப்பு என்று நாம் சொல்வது உண்மையில் உள்வருவதே இல்லை! நாம் முன்பே வெளியே போட்டு வைத்த கயிற்றை யாரோ இழுக்கிறார்கள், அவ்வளவுதான். கயிறு அறுந்திருந்தால் மணி இல்லை. கயிறு இருந்தும் பையன் தூங்கிவிட்டால் அப்போதும் மணி இல்லை.

பெரியம்மா போனில் தூங்கியது பையன். அதற்குப் பிறகு வருகிறேன்.

எந்த இடத்தில் முறிந்தது?

"கால் வரலை" என்று சொல்லும் ஒருவரிடம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எதுவரை வந்தது என்பதுதான். மணியே அடிக்கவில்லையா? மணி அடித்து, எடுத்தபின் இணையவில்லையா? இணைந்தும் குரல் இல்லையா? மூன்றும் மூன்று வியாதி. மருந்தும் வேறு வேறு. இதைக் கேட்காமல் போனை அணைத்துப் போடுவது, சாஃப்ட்வேரை நீக்கிப் புதிதாக ஏற்றுவது எல்லாம் நாள் நல்லதாக இருந்தால் பலிக்கும்.

குரல் இல்லை என்பதை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். அந்தக் காலத்துச் சவுண்ட் கார்டுகளில் பல, ஒரு நேரத்தில் பேசவோ கேட்கவோ மட்டும்தான் செய்யும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. இன்று அந்தத் தொல்லை இல்லை. இன்று பெரும்பாலும் மைக் அனுமதி கொடுக்காமல் விட்டிருப்போம், இல்லாவிட்டால் பக்கத்து அறையில் கிடக்கும் புளூடூத் ஹெட்செட்டுக்குக் குரல் போய்க்கொண்டிருக்கும். அதே மைக்கில் ஒரு ஒலிப்பதிவு செய்து போட்டுக் கேளுங்கள். பதிவு கேட்டால் கருவியில் பழுது இல்லை, மேலே சொன்ன உறைக்குள் முகவரி வியாதியைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது, மணி அடிக்கிறது, எடுத்தால் "இணைக்கிறது" என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. மணி வந்தது சர்வர் வழியாக. குரலோ, முடிந்தவரை இரண்டு போன்களுக்கும் இடையே நேராக யு.டி.பி.யில் போகப் பார்க்கும். அதற்கு இரண்டு பக்கமும் முதலில் ஒரு ஸ்டன் சர்வரைக் கேட்கும்: "வெளியே இருந்து பார்த்தால் என் முகவரி என்ன?" பதில் கிடைத்ததும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, ஒரே நேரத்தில் இரண்டு பேரும் வெளியே தட்டுவார்கள். இருவர் ரூட்டரிலும் வரி விழும், வழி திறக்கும். எந்த வழியும் திறக்காவிட்டால் டர்ன் எனப்படும் இடைநிலை சர்வர் வழியாகக் குரலைச் சுற்றி அனுப்பும். இந்த எல்லா வழிகளையும் வரிசையாக முயன்று பார்க்கும் முறைக்கு ஐஸ் என்று பெயர். யு.டி.பி. முழுவதும் அடைக்கப்பட்டு, இடைநிலை சர்வருக்கும் வழி இல்லாவிட்டால், மணி அடிக்கும், பேச்சு இருக்காது.

இது என் வகுப்பு நண்பன் ஒருவனுக்கு நடந்தது. சென்ற வருடம் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வு, வீடியோ அழைப்பில். வீட்டில் நெட் இல்லை என்று ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனான். சட்டை இஸ்திரி போட்டு, சர்டிபிகேட் எல்லாம் அடுக்கி வைத்து உட்கார்ந்தான். மணி அடித்தது. எடுத்தான். சுற்றியது, அறுந்தது. மறுபடி மணி. மறுபடி அதே. மூன்றாவது தடவையோடு நின்றுவிட்டது. மாலை மின்னஞ்சல் வந்தது, 'தேர்வர் கிடைக்கவில்லை' என்று. அந்தச் சென்டரில் வலைப்பக்கம் பார்ப்பதற்கு மட்டும் வழி விட்டு மற்றதையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் சட்டைப் பையில் ஒரு ஜி.பி. டேட்டாவோடு செல்போன் இருந்தது! அதை ஹாட்ஸ்பாட்டாகப் போட்டிருந்தால் அரை நிமிட வேலை. தேர்வுக்கு முதல் நாள் அதே இடத்தில், அதே கணிப்பொறியில், வேறு ஒரு நெட்வொர்க்கில் இருக்கும் நண்பனை விட்டு ஒரு தடவை கூப்பிடச் சொல்லியிருந்தால் அதுவும் போதும். ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு பேர் கூப்பிட்டுப் பார்ப்பது சோதனையே அல்ல, அவர்களுக்கு நடுவில் நேட் இல்லையே.

வளைகுடா நாட்டுக்காரர்கள் வீட்டில் இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் பெறாத இணையத் தொலைபேசிக்கு நெடுநாளாகத் தடை உண்டு. வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், குரல் பதிவு போகும், அழைப்பு மட்டும் போகாது. இங்கே ரூட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அங்கே உரிமம் பெற்ற போட்டிம் போன்ற ஒன்றை இரண்டு பக்கமும் ஏற்றிக்கொள்வதுதான் வழி. கோளாறு தேடும்போது, இது கோளாறா கட்டுப்பாடா என்று முதலில் கேட்டுக்கொண்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிச்சமாகும்.

மணியே அடிக்காத வியாதி

இதுதான் கஷ்டமானது. ஏனென்றால் இதில் நோயாளிக்கு வலி தெரியாது. வராத அழைப்பு வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? கூப்பிட்டவரைக் கேட்டால்தான் உண்டு. அவரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது திரையில் முதலில் 'காலிங்' என்று வரும். எதிர்ப்பக்கத்துப் போனைச் செய்தி எட்டிய பிறகுதான் அது 'ரிங்கிங்' என்று மாறும். கடைசிவரை 'காலிங்' என்றே நின்றால் செய்தி போனை எட்டவில்லை. 'ரிங்கிங்' வந்தும் இங்கே சத்தம் இல்லையென்றால் செய்தி எட்டிவிட்டது. ஒலி அளவு, தொந்தரவு செய்யாதே என்ற நிலை, அறிவிப்பு அனுமதி இவற்றைப் பார்க்க வேண்டும். பாதிக் கோளாறை இந்த ஒரு சொல்லே பிரித்துக் கொடுத்துவிடும். பிரான்சு அண்ணனிடம் கேட்டேன். "காலிங்னுதான் தம்பி இருந்துச்சு, எப்பவும்" என்றார்.

அப்படியானால் கயிறு அறுந்ததா, பையன் தூங்கினானா? வைஃபையை அணைத்து செல்போன் டேட்டாவில் பார்க்க வேண்டும். டேட்டாவில் வந்து வைஃபையில் வராவிட்டால் ரூட்டரைப் பிடிக்க வேண்டும். சில அலுவலக, கல்லூரி நெட்வொர்க்குகளில் 5228 அடைக்கப்பட்டிருந்தால் செய்தி தாமதமாகும், வராமலும் போகும். போனில் தேதி தவறாக இருந்தாலும் சர்வரின் சான்றிதழை ஏற்காமல் இணைப்பே விழாது. பழைய போன்களில் பேட்டரி முழுக்க இறங்கினால் தேதி எங்கேயோ போய்விடும், அதையும் பாருங்கள். 'ஃபோர்ஸ் ஸ்டாப்' அழுத்தி நிறுத்திய சாஃப்ட்வேருக்கு அதை மறுபடி கையால் திறக்கும்வரை மணி வராது. போன் வேகமாக ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பவர்கள் கவனிக்க!

ரூட்டர் பக்கம் இன்னொரு சங்கதி. போர்ட் ஃபார்வர்டிங் போட்டால் சரியாகிவிடும் என்று சீனியர் அண்ணன்கள் சொல்வார்கள். முன்பு சரிதான். இன்று உங்கள் ரூட்டருக்கே பொது முகவரி கிடைப்பது அபூர்வம். ரூட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், கம்பெனியே இன்னொரு பெரிய நேட் வைத்திருக்கிறது. 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய நாற்பத்தொரு லட்சத்துச் சொச்சம் முகவரிகள் அவை. உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து என்ன லாபம், தெருமுனையில் கேட் பூட்டியிருக்கிறதே! ஆறாம் பதிப்பு ஐ.பி. வந்தபின் ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரி உண்டு. ஆனாலும் ஃபயர்வால் கேளாமல் வருவதைத் தடுக்கத்தான் செய்கிறது.

லேபில் செய்து பார்க்க

ரெக்கார்டு நோட்டுக்கு வெளியே ஒரு பரிசோதனை சொல்கிறேன். ஒரு பழைய கணிப்பொறியில் லினக்ஸ் போட்டு ஆஸ்டரிஸ்க் ஏற்றுங்கள், இலவசம்தான். அதை லேப் நெட்வொர்க்கில் வையுங்கள். வேண்டாத வைஃபை ரூட்டர் ஒன்றின் வேன் போர்ட்டையும் அதே நெட்வொர்க்கில் செருகுங்கள். அந்த ரூட்டருக்குள் ஒரு லேப்டாப், அதில் லின்ஃபோன். ரூட்டருக்கு வெளியே இன்னொரு லேப்டாப்பில் இன்னொரு லின்ஃபோன். இரண்டும் 5060-ஆம் யு.டி.பி. போர்ட்டில் பதிவு செய்யட்டும்.

பதிவு செய்த உடனே வெளியிலிருந்து கூப்பிட்டால் அடிக்கும். அடுத்தது, புதிதாகப் பதிவு செய்துவிட்டு அரை நிமிடம் எதையும் தொடாமல் இருந்து கூப்பிடுங்கள். பிறகு ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஆறு நிமிடம். ஒவ்வொரு தடவையும் புதுப் பதிவு அவசியம், ஏனென்றால் ஒரு அழைப்பு போனாலே ரூட்டரில் வரி புதுப்பிக்கப்பட்டுவிடும். ஒரு கட்டத்தில் அடிக்காது. சர்வரைக் கேட்டால், "பதிவு இருக்கிறது, ஒரு மணி நேரம் செல்லும்" என்று சொல்லும். ரூட்டரோ அட்டவணையில் அந்த வரியை எப்போதோ அழித்துவிட்டது. யு.டி.பி. வரியை இரண்டு நிமிடத்துக்குள் அழிக்கக் கூடாது என்று 2007-இலேயே பரிந்துரை இருந்தும், அரை நிமிடத்தில் அழித்துவிடுகிற ரூட்டர்களும் உண்டு. அந்த நேரத்திலும் உள்ளேயிருந்து கூப்பிட்டால் ஜோராகப் போகும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும், "நெட் நல்லாத்தானே இருக்கு" என்று ஏமாறுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. லின்ஃபோனில் 'கீப் அலைவ்', ஆஸ்டரிஸ்கில் 'குவாலிஃபை' இரண்டையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள். அவை அடிக்கடி தட்டி வாசலை மூடவிடாமல் வைத்திருக்கும், உங்களுக்குக் கோளாறே கிடைக்காது. ரூட்டரில் எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி. என்று ஒன்று இருந்தால் அதையும் அணையுங்கள். உறைக்குள் இருக்கும் முகவரியைத் திருத்த வந்த உபகாரி அது. பல நேரம் திருத்துகிறேன் என்று கெடுத்துவைக்கும். சோதனை முடிந்ததும் கீப் அலைவை மட்டும் போட்டு ஆறாவது நிமிடத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். அடிக்கும்.

மறுபடி நெரவிக்கு

பெரியம்மா ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "கரண்டுல மாட்டியிருந்தா பிரான்சு போன் வருது தம்பி. கழட்டி வெச்சா வர்றதில்லை." நான் சிரித்துவிட்டேன். கரண்டுக்கும் பிரான்சுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதுதான் உறைத்தது. அவர் சொன்னதுதான் சரியான துப்பு.

ஆண்ட்ராய்டில் 2015-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து டோஸ் என்று ஒரு நிலை இருக்கிறது. போன் சார்ஜில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால் அரைத்தூக்கத்துக்குப் போய்விடும். சாஃப்ட்வேர்களுக்கு நெட் கிடையாது, இடையிடையே மட்டும் கொஞ்சம் கிடைக்கும். முறைப்படி பார்த்தால் அவசரம் என்று குறியிட்ட அழைப்புச் செய்தி அந்தத் தூக்கத்தையும் கலைக்க வேண்டும். ஆனால் பேட்டரி அதிக நாள் வருகிறது என்று விளம்பரம் செய்வதற்காகச் சில போன்களில் அதற்கு மேலும் கடுமையான ஒரு சேமிப்பைச் சேர்த்துவிடுகிறார்கள். அது பையனை எழுப்பவே விடாது. பெரியம்மா சீரியல் முடிந்ததும் எட்டரைக்குப் போனை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். பத்தரைக்குள் அது ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும். சார்ஜில் மாட்டிய நாளில் டோஸ் வராது, ஆகவே மணி வரும். நான் போன ஐந்து மணிக்கோ போன் என் கையில் விழித்துக்கொண்டு இருந்தது. அடிக்காமல் என்ன செய்யும்? கோளாறு வருகிற நிலையை உண்டாக்காமல் நான் செய்த மூன்று நாள் சோதனையும் வெறும் ஆறுதல்தான்.

போனின் அமைப்புக்குள் போய், வாட்ஸ்அப்புக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு வேண்டாம் என்று மாற்றினேன். அந்தக் கம்பெனி தனியாக வைத்திருந்த சேமிப்புப் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிட்டேன். இந்த இரண்டாவது இடம் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு பெயரில் ஒளிந்திருக்கும், தேடித்தான் பார்க்க வேண்டும். பிரான்சு அண்ணனுக்குச் செய்தி போட்டேன்: இன்று ஏழு மணிக்குக் கூப்பிடுங்கள், திரையில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள்.

எட்டரைக்கு அலமாரியில் வைத்தாயிற்று. சார்ஜர் இல்லை. இரண்டு மணி நேரம் யாரும் தொடக் கூடாது. சோதனையிலேயே கஷ்டமான பகுதி அதுதான். பெரியம்மா பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுந்து போய், "வந்திருக்கான்னு பார்க்கட்டுமா" என்பார். தொட்டால் திரை எரியும், திரை எரிந்தால் போன் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "பெரியம்மா, தொடாதீங்க, உக்காருங்க" என்று நான் வாசல்படியிலேயே காவல் இருந்தேன். பத்தரை ஆயிற்று. பத்து முப்பத்தைந்து. வரவில்லை. எனக்கே வேர்த்துவிட்டது.

பத்து நாற்பதுக்கு அடித்தது. அங்கே அண்ணனுக்கு மெட்ரோ தாமதமாம்.